சிம்மாசனத்தில் ஒரு புருஷன்

ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாலம் செத்துப்போவாள்.

புனேயில் கேம்ப் என்ற பகுதியில் நாடக சபாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் கூடத்தில், முன்வரிசையில் கமிட்டிக்காரர்களும் பின்வரிசையில் ஆகுர்டி, போசரி தொழிற்சாலைகளிலிருந்து பஸ் பிடித்து வந்த பையன்களும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுப்புடவையும் அட்டைக் கிரீடமுமாக மரப்பலகை மேல் தடாலென்று விழுந்து உயிரை விடுவாள். அந்தச் சத்தத்தில் வாசலில் சாய் விற்கிறவனுடைய கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன என்று ஒரு வருஷம் சொன்னார்கள். மறுவருஷம், பக்கத்து சர்ச் மணி தானாக ஒரு தரம் அடித்தது என்றார்கள். அதற்கடுத்த வருஷம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்ற டாங்காக் குதிரை மிரண்டு, வண்டியை வெறுமனே இழுத்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டதாம். குதிரையைப் பற்றி யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். விசாலம் விழுந்தது மட்டும் நிஜம்.

செத்த பிறகு ரிக்ஷா பிடித்து ராஸ்தா பேட்டிலிருந்த வீட்டுக்குப் போய், காலையிலேயே அரைத்து வைத்திருந்த மாவில் தோசை வார்ப்பாள். அரசர் பசி தாங்கமாட்டார்.

அரசர் என்பவர் அவளுடைய கணவர் கோவிந்தராஜன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. மேடையில் அவள் அரசி என்றால் அவர்தான் அரசன். வேறு யாரும் அரசனாக முடியாது. அது சபாவின் சட்டம்.

அந்தச் சட்டம் வந்த கதையைத் தனி நாடகமாகவே போடலாம். எழுபதுகளில் பாங்க்காரர் ஒருவர் இன்னொருவர் மனைவியோடு காதல் காட்சிக்கு ஒத்திகை பார்த்துப் பார்த்து, அது ஒத்திகை என்பதே மறந்துபோய், இருவருமாக டெக்கான் குவீன் ரயில் பிடித்துப் பம்பாய்க்குப் போய்விட்டார்களாம். அவசரத்தில் கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லையாம். டிக்கெட் பரிசோதகர் எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம். அதிலிருந்து சபாவில், மேடையில் மனைவியாக நிற்பவளுக்கு எதிரே அவளுக்குத் தாலி கட்டியவன்தான் நிற்க வேண்டும். புருஷன் வரவில்லையென்றால் பெண்டாட்டிக்கும் வேஷம் கிடையாது. கல்யாணமாகாதவளுக்குத் தோழி வேஷம் கொடுப்பார்கள். தோழியை நாடகத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால். விதவைக்கு டிக்கெட் கொடுப்பார்கள்.

வருஷா வருஷம் போட்டது ஒரே நாடகம்தான். சபாவை ஆரம்பித்த தமிழ்ப் பண்டிதர் எழுதியது. கிரேக்கம், வடமொழி, ஆங்கிலம் என்று உலகத்துச் சோக நாடகங்களையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, எல்லாவற்றையும் ஒரே ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்திருந்தார். அந்த நாடகங்களில் எல்லாம் பெண்கள் செத்தார்கள். அப்பனுக்காக, அண்ணனுக்காக, கட்டியவனுக்காக, கட்டாமல் விட்டுப் போனவனுக்காக. சொந்தமாக ஒரு இருமல் வந்து செத்தவள் ஒருத்திகூட இல்லை. பண்டிதரும் அந்த வழக்கத்தை மீறவில்லை. அவர் நாடகத்தில் அரசனுக்குப் பெயர் உண்டு. அவனுடைய குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு. அரசிக்கு அரசி என்றே பெயர். போர்முனையிலிருந்து தூதன் வந்து, அரசர் மாண்டார் என்பான். அரசி ஒரு வரி சொல்லிவிட்டு விழுந்து சாவாள்.

தொண்ணூற்றொன்றில் முதல் ஒத்திகையின்போது பண்டிதர் உயிரோடு இருந்தார். விசாலம் கும்பகோணத்தில் பி.ஏ. படித்தவள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, அவ எதனால சாகறா?"

"ஏம்மா, ராஜா செத்துட்டானே."

"அவனுக்கு ஈட்டி பட்டுது. இவளுக்கு?"

பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதி போனப்புறம் வேற காரணம் எதுக்கும்மா? நீ நன்னா விழு. காரணத்தை ஜனங்க பாத்துப்பா."

அவள் நன்றாகவே விழுந்தாள். முழங்கால், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட்டு, தலையைக் கடைசியில் வைக்கிற வித்தையைத் தானே பழகிக்கொண்டாள். ஜனவரி மாதத்தில் அவள் கையிலும் தோளிலும் காணும் நீலத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. மற்ற மாதங்களில் கண்டாலும், "இப்பவே ஒத்திகையா மாமி?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் சிரிப்பாள். அதைப் பார்த்துச் சிரிக்காதவள், தோழி வேஷம் கட்டிய ஆரோக்கியமேரி ஒருத்திதான். கேம்ப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த நீலம் பலகையால் வந்தது, எது விரலால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தவள். ஒரு தடவை கேட்டாள். "பலகைதான்" என்றாள் விசாலம். அதற்கப்புறம் கேட்காமல், களிம்பு மட்டும் கொண்டுவந்து கொடுப்பாள்.

கேம்ப்பில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் விசாலத்துக்குத் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்தது. "ஸ்கூலா, டிராமாவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார் கோவிந்தராஜன். அவள் நாடகத்தைச் சொன்னாள். வருஷத்தில் ஒரு சாயங்காலம். அதற்காக மற்றதையெல்லாம் விட்டாள். அதனால், அந்த ஒரு சாயங்காலத்தின் கயிறு யார் கையில் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அவருக்கு நடிக்க வராது. அலுவலகத்தில் பத்து வருஷத்துப் பழைய கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர், மேடையில் ஏறினால் அடுத்த வரி மறந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் வருஷமே அப்படி நின்றார். நாடகம் நின்றுபோனால் அடுத்த வருஷம் கிடையாது. விசாலம் கிட்டே போய், அவர் முகத்தைப் பார்த்து, அரசியின் குரலில் சொன்னாள்:

"நாளை விடிந்தால் போர்முனை என்று சொல்லத்தானே வாயெடுத்தீர்கள்? சொல்ல வேண்டாம், அரசே. உங்கள் புருவமே சொல்லிவிட்டது."

கூடம் கைதட்டியது. அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அரசன் நிற்பான், அரசி அவன் பேச வந்ததையும் பேசி, அதற்குத் தன் பதிலையும் பேசுவாள். மௌனத்தாலேயே நடிக்கிறவர் என்று கோவிந்தராஜனுக்குச் சபா வெள்ளிக் கிண்ணம் கொடுத்தது. விசாலத்துக்கு ஒரு ரவிக்கைத் துண்டு கொடுத்தார்கள்.

இது தொண்ணூற்றொன்பது வரை ஓடியது. அந்த வருஷம் சூர்யநாராயணன் என்று ஒரு பாங்க் மேனேஜர் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். வெள்ளை மனசு. பரிசு கொடுக்க அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த அம்மா ஒருத்தரே ரெண்டு பேருக்கும் பேசிட்டாங்க. நாடகத்தையே தூக்கி நிறுத்திட்டாங்க. அதுக்கு ஒரு தூண் வேணுமில்லீங்களா? சாரு தூணாட்டம் நின்னாரு!"

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். கூடம் சிரித்தது. கோவிந்தராஜனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட விசாலம் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டிசம்பரில், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரிடம் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன்னா, ஒத்திகை ஆரம்பிக்கறாளாம்."

"ஆரம்பிக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை நம்மளையும் வரச் சொல்லியிருக்கா."

"தூணுக்கு எதுக்கு ஒத்திகை?" துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நான் நடிக்கல."

"நீங்க நடிக்கலேன்னா நான்..."

"தெரியுமே" என்றார்.

அவ்வளவுதான். அந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் கேட்பாள், அவர் கேட்கவிடுவார். காபி ஆறும்வரை யோசிப்பதுபோல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "பாக்கலாம்" என்பார். பொங்கல் வந்து போய்விடும். குக்கர் சத்தம் போடும் நேரம் பார்த்து அவள் சமையலறையில் அரசியின் வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் குக்கர் அடங்கியதைக் கவனிக்கவில்லை.

"யாரோட பேசறே?" என்றது கூடத்திலிருந்து குரல்.

"யாரோடயும் இல்லே."

"அப்படியே இரு."

இரண்டாயிரத்து இரண்டு மழைக்காலத்தில், அலுவலகத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. பிள்ளை ராம்பிரசாத் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். வந்தான், கட்டில் வாங்கிப் போட்டான், போனான். ஆரோக்கியமேரி டியூட்டி முடிந்ததும் வந்து, அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் துடைத்துவிடவும் சொல்லிக்கொடுத்தாள். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் வேண்டாம் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள்.

"கண்ணு நல்லாருக்கு, காது நல்லாருக்கு, புத்தியும் நல்லாத்தான் இருக்கு மாமி. எல்லாம் புரியுது அவருக்கு. அதான் கஷ்டமே" என்றாள்.

யாருக்குக் கஷ்டம் என்று அவள் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் விசாலம் சோற்றைக் குழைத்து ஊட்டினாள், மலம் எடுத்தாள், புண் வராமல் பவுடர் போட்டாள். யாரும் குறை சொல்ல இடமில்லாமல் செய்தாள். அதற்குள் அவளுக்கு ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. இன்னும் சில வருஷம் போனால் இடுப்பு விழவிடாது. இவர் போய்விட்டாலோ, அவளுக்கு டிக்கெட்தான். இந்தக் கணக்கு அவளுக்கு ஒருநாள் துணி பிழியும்போது தோன்றியது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சபாவின் காரியதரிசி அனந்தராமன் வீட்டுக்கு நேரே போனாள்.

அனந்தராமன் சிவ்டாத் தட்டை, அந்த ஊர் அவல் மிக்சரை, முன்னால் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை.

"சபா ரூல் என்ன மாமா? என் புருஷன் மேடைல இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா. ஆனா கோவிந்தராஜனுக்குத்தான் இப்படி..."

"இருக்கணும்னுதானே ரூல்? பேசணும்னு இருக்கா?"

"பேசாம எப்படிம்மா?"

"பேசணும்னு இருந்திருந்தா தொண்ணூத்தொண்ணுலேயே எங்களை ஆத்துக்கு அனுப்பியிருக்கணுமே. வெள்ளிக் கிண்ணம் எதுக்குக் கொடுத்தேள்?"

அனந்தராமனுக்குச் சிவ்டா புரையேறியது. உள்ளேயிருந்து அவர் மனைவி பாலாம்பாள் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"விசாலம், நன்னாருக்குடி! படுத்திருக்கற மனுஷருக்கு வேஷம் போட்டு உக்காத்தி வெக்கறதாவது!"

"உக்காத்தி வெக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்கார் மாமி. எங்கே உக்காத்தணும்னு சொல்லல."

கமிட்டி கூடிப் பேசியது. நாலு வருஷமாகப் பாட்டுக் கச்சேரி வைத்துக் கூடம் காலியாகக் கிடந்தது அவர்களுக்கும் உறுத்தல்தான். அரசனை நிற்க வைக்க முடியாது என்பதால் கதையைக் கொஞ்சம் திருத்தினார்கள். தூதன் வேண்டாம். போரில் காயம்பட்ட அரசனைக் கொண்டுவந்து சிம்மாசனத்தில் உட்காரவைப்பார்கள். அரசி பக்கத்தில் நின்று பேசுவாள். அவன் கண்ணை மூடுவான்; உயிர் போய்விட்டது என்று அர்த்தம். அவள் கடைசி வரியைச் சொல்லி விழுவாள். திரையும் விழும்.

"எல்லாம் சரி. கோவிந்தராஜன் ஒத்துப்பாரா?" என்றார் அனந்தராமன்.

மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. மறுபடி அவள் கேட்டாள். "ஏன்னா, நடிக்கலாமா?" இடது கை கட்டில் சட்டத்தின் மேல் கிடந்தது. ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. தினமும் காபி கொடுத்தபின் கேட்டாள். தினமும் உத்தரம். ஆரோக்கியமேரி ஒருநாள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "அப்படியே தூக்கிட்டுப் போயிரலாம் மாமி. என்ன செஞ்சிருவாரு?" என்றாள்.

"அவர் தட்டட்டும்" என்றாள் விசாலம்.

போகிக்கு முந்தின காலையில் தட்டினார். ஒரு தட்டு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பார்வையை அவள் படிக்கவில்லை.

ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. "மூடின இமைக்குள் என்னையும் கொண்டு போங்கள்" என்று அவள் சொல்லும் இடத்தில் அவர் கண்ணை மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிசகாமல் மூடினார். "பாத்தியா? வசனம் இல்லேன்னா நன்னா நடிக்கறார்" என்றாள் விசாலம். ஆரோக்கியமேரிகூடச் சிரித்தாள்.

நாடகத்தன்று தொழிற்சாலைப் பையன்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். சிம்மாசனம், கேம்ப்பில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் அப்துல் காதருடையது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி. அரசர் சரிந்துவிடாமல் இடுப்பில் ஒரு துப்பட்டாவைச் சுற்றி முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டு, மேலே அங்கவஸ்திரத்தால் மறைத்தார்கள். திரையை இழுப்பதும் அப்துல் காதர்தான். கயிறு கட்டிய இடத்திலிருந்து மேடை தெரியாது. பக்கத் தட்டி மறைக்கும். அதனால் அவர் பழைய நாளிலிருந்து காதை வைத்தே வேலை செய்வார்.

"மாமி விழுந்தா நான் இழுப்பேன். சத்தம் கேட்டாப் போதும்" என்பார். ஒரு வருஷம் ஒத்திகையில் யாரோ பெஞ்சைத் தள்ளிவிட, முதல் காட்சியிலேயே திரையை இறக்கிவிட்டவர் அவர்.

நாலு வருஷப் பசியோடு விசாலம் பேசினாள். அரசனுடைய காயத்தைப் பேசினாள், போரைப் பேசினாள், அவன் பேச வருவதை அவன் புருவத்திலிருந்து எடுத்துப் பேசினாள். முன்வரிசையில் பாலாம்பாள் மூக்கைச் சிந்தினாள். இன்னும் ஒரு நிமிஷம்தான். விசாலம் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினாள்.

"மூடின இமைக்குள் என்னையும் கொண்டு போங்கள்."

அவர் கண்ணை மூடவில்லை.

காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னாள், கொஞ்சம் உரக்க. அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். டிசம்பர் மாதத்துப் பார்வை. உத்தரத்துக்குப் பதிலாக இன்றைக்கு அவள் முகத்தில் வைத்திருந்தார். அரசன் சாகாமல் அரசி சாக முடியாது. அரசி விழாமல் திரை விழாது. எல்லார் முன்னாலும் அவள் நிற்கட்டும். தூணாட்டம் நிற்கட்டும்.

வசனம் தீர்ந்துபோயிற்று. பண்டிதர் எழுதியது அவ்வளவுதான். கூடத்தில் யாரோ இருமினார்கள். அவள் வாயைத் திறந்தாள். என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

"அரசே, இன்னும் கண் திறந்திருக்கிறீர்கள். நல்லது. போவதற்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களைக் கொன்றது ஈட்டி. காயத்தைக் காட்டலாம். வைத்தியன் வந்து பார்க்கலாம். நான் எதனால் சாக வேண்டும்? என்மேல் ஒரு கீறல் இல்லை. காலையில் பசித்தது, சாப்பிட்டேன். நீங்கள் ஏறிப்போன குதிரைகூட லாயத்தில் கொள்ளு தின்றுகொண்டிருக்கிறது. அதை யாரும் உடன் வரச் சொல்லவில்லை."

பின்வரிசையில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு முன்னால் எத்தனை அரசிகள் இந்தப் பலகையில் விழுந்தார்கள்! ஒருத்தியையாவது எதனால் என்று யாராவது கேட்டார்களா? விழுந்த அழகைச் சொன்னார்கள். என் பெயர் என்னவென்று உங்கள் சபையில் யாருக்குத் தெரியும்? குதிரையின் பெயர் தெரியும்."

எவ்வளவு நேரம் பேசினாள் என்பதற்குக் கணக்கில்லை. பிற்பாடு சிலர் அரைமணி என்றார்கள்; சிலர் கடைசிப் பஸ் போய்விட்டது என்றார்கள். பேசப் பேச அவளுக்கு ஒன்று புரிந்தது. அவர் கண் திறந்திருக்கும்வரை அவள் பேசலாம். அவமானப்படுத்தத்தான் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அதனால்தான் அவள் இந்த வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாள். இதுவும் அவர் கொடுத்ததுதான். அவர் மூடுகிறபோது நின்றுவிடும்.

பேச்சை நிறுத்தினாள். சிம்மாசனத்தருகே போனாள். வலது உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்து, கீழே இழுத்து, இரண்டு கண்ணையும் மூடினாள்.

கூடம் மூச்சை இழுத்த சத்தம் அவளுக்குக் கேட்டது. "அம்பாளே! உசிரோட இருக்கற மனுஷரை!" என்று பாலாம்பாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

இனி விழ வேண்டியதுதான். விழ முடியவில்லை. கைக்கு அடியில் இமைகள் படபடத்தன. பிடித்த வண்டு போலத் துள்ளின. கையை எடுத்தால் செத்த அரசன் கண்ணைத் திறந்துவிடுவான். கையை எடுக்காமல் விழ வழியில்லை. அவருடைய இடது கை நாற்காலிக் கட்டையில் இரண்டு தட்டு தட்டியது. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. விசாலம் கையை இன்னும் அழுத்தினாள். தட்டி மறைவில் அப்துல் காதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தார். கூடமும் காத்திருந்தது. அரசி நின்றுகொண்டே இருந்தாள்.

தோழியாக மூலையில் நின்ற ஆரோக்கியமேரி ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் ஓங்கி உதைத்தாள். அது பலகையில் தடாலென்று உருண்டது. திரை விழுந்தது.

கையை எடுத்தபோது விசாலத்தின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவருக்கு ஒரு கண்ணில் எப்போதும் நீர் வடியும். அதுதானா, வேறா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "என்னத்துக்கு நீ..." என்று ஆரம்பித்த அனந்தராமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் கமிட்டி கூடி, இனிமேல் நாடகம் வேண்டாம், கச்சேரியே போதும் என்று முடிவு செய்தது. சந்தையில் அவளைக் கண்ட பெண்கள் அவளுக்கும் தத்தம் கணவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்கள்.

வீட்டில் நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். மறுநாள் காலை காபியோடு அவள் உள்ளே போனாள். கோவிந்தராஜன் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்தாள். ஆரோக்கியமேரி வந்தபோது திறந்தார். அவள் போய் விசாலம் வந்தால் மூடினார். ராம்பிரசாத் லீவில் வந்தபோது அவனைப் பார்த்தார், டிவி பார்த்தார், ஜன்னலில் காக்காயைப் பார்த்தார். அவள் காலடிச் சத்தம் கேட்டால் இமை இறங்கிவிடும். தட்டுவதும் நின்றுபோயிற்று. நாலு வருஷம், மூடிய கண்ணுக்குக் கீழே இருந்த வாயில் அவள் சோறு ஊட்டினாள்.

"ஒரு நாளாவது தொறங்கோளேன்னா. திட்டறதுக்காவது தொறங்கோ" என்று ஒருதரம் கெஞ்சினாள். இமை ஆடவில்லை.

பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டாள். கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மேத்திக் கீரை விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, கும்பகோணம் காலேஜ், பண்டிதரின் வரிகள், அவளாகக் கட்டிச் சேர்த்த வரிகள். யாரோட பேசறே என்று கேட்க ஆளில்லை. அவர் கேட்டாரா, வெறுத்தாரா, உள்ளுக்குள் சிரித்தாரா, எதுவும் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டில், ஒரு சனிக்கிழமை. மடியில் மேத்திக் கட்டை வைத்து ஆய்ந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். ராம்பிரசாத்துக்குப் பெண் பார்த்திருப்பதைச் சொன்னாள். பெண்ணுக்குப் பாட்டு வரும் என்றாள். பாடவிடச் சொல்லுங்கோ அவன்கிட்டே என்றாள். இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கமாகக் குவிந்தது. ஆரோக்கியமேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே வந்து அவர் கழுத்தில் விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"மாமி, எவ்வளவு நேரமா பேசிட்டிருக்கீங்க?"

"காலம்பற சாதம் ஊட்டினதிலேருந்து. ஏன்?"

ஆரோக்கியமேரி அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். விறைத்திருந்தது.

விசாலம் மடியிலிருந்த இலையைக் கீழே கொட்டாமல் முறத்தில் போட்டாள். எழுந்தாள். பெண் பார்த்ததைச் சொன்னபோது இருந்தாரா, அதற்கு முன்னாலேயே இல்லையா என்று யோசித்தாள். கண் மூடியிருந்தது. எப்போதும்போலத்தான் மூடியிருந்தது. அவள் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை.

சாயங்காலத்துக்குள் சபாக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. விசாலம் தலைமாட்டில் நின்றாள். பாலாம்பாள் கண்ணைக் காட்ட, இன்னொருத்தி விசாலத்தின் இடது பக்கம் வந்து நின்றாள். பாலாம்பாள் வலது பக்கம். இருவரும் கைகளை லேசாக விரித்து, விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். கூடத்திலிருந்த எல்லார் கண்ணும் விசாலத்தின் முழங்கால் மேலேயே இருந்தது.

"அழுதுடுடி. மனசுல வெச்சுக்காதே" என்றாள் பாலாம்பாள்.

"கால் வலிக்கறது மாமி. யாராவது ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்றேளா?" என்றாள் விசாலம்.

நாற்காலிகள் வாசலில்தான் இருந்தன. அப்துல் காதர் டெம்போவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பேச்சு அடங்கியதைக் கேட்டு, தூக்கின நாற்காலியைத் தூக்கினபடியே வைத்துக்கொண்டு நின்றார். பழக்க தோஷம், காது உள்ளேயே இருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை மெதுவாகத் தரையில் வைத்து, அடுத்ததை எடுக்கத் திரும்பினார்.